புகைந்த பள்ளம்

என் ஆட்டுக்குட்டியின் கால் வெந்த மறுநாள்தான் நான் முதன்முதலாக அப்பாவை எதிர்த்தேன். அது அடுப்பில் மிதிக்கவில்லை. வெறும் தரையில்தான் மிதித்தது.

கொக்கிளாயில் எங்கள் வளவுக்குப் பின்னால் பன்புல் வளரும் பள்ளம் ஒன்று இருந்தது. மாமி, அதாவது அப்பாவின் அக்கா, அந்தப் பன்னை அறுத்துப் பாய் இழைத்துத்தான் சீவித்தார். அப்பாவுக்கோ அங்கே வயல் செய்யும் ஆசை. பெக்கோ மெஷினால் வாய்க்கால் வெட்டி, அதில் தேங்கிய குளத்துக் கசிவுநீரையெல்லாம் கடலோரக் களப்புக்கு ஓடவிட்டார். வறண்ட சோளகக் காற்றில் பள்ளம் காய்ந்து வெடித்தது. காய்ந்த பன்னுக்கு நெருப்பும் வைத்தார். மேலே அணைந்த நெருப்பு கீழே இறங்கியது. காலங்காலமாக மக்கிய பன்வேர்தான் அந்தக் கறுப்புச் சேறு. ஈரம் இருக்கும்வரை மண், காய்ந்தால் விறகு. இங்கே தண்ணீர் ஊற்றினால் அங்கே புகைந்தது. குட்டியைச் சுட்ட பிறகு புகை எங்கள் வேலியை நோக்கி வந்தது.

"எல்லாம் எரிஞ்சு முடியட்டும். வாய்க்காலை இன்னும் ஆழமா வெட்டுவம்" என்றார் அப்பா. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மறுநாள் பெக்கோ வந்தபோது, மண் நிரப்பிய உரப்பைகள் வாய்க்காலை அடைத்திருந்தன. தேங்கத் தொடங்கிய தண்ணீருக்குள், அவற்றில் சாய்ந்தபடி மாமி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எழும்பு. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீ மூட்டின நெருப்பைத்தானே நான் நூர்க்கிறன்."

"உனக்கு வயலைப்பற்றி என்ன தெரியும்?"

"வயல் தெரியாது தம்பி, இந்தப் பள்ளம் தெரியும். வெட்டுறதெண்டால் என்னையும் சேத்து வெட்டு."

நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாமிக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். "என்னையும்" என்றேன். அந்தச் சண்டை முழுவதும் என் குட்டிக்காகத்தான் என்று எனக்கு நினைப்பு.

பெக்கோக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். "அண்ணை, இதுக்கு நான் வரேல்லை" என்று இறங்கிப் போனார். அப்பா எங்களை முறைத்தார். நானும் திருப்பி முறைத்தேன்.

தண்ணீர் மெல்லப் பரவி, சில கிழமைகளில் புகை நின்றது. மாரிக்குப் பிறகு பன் ஆளுயரம் எழும்பியது. கானாங்கோழிகள் குஞ்சு பொரித்தன. அப்பா அந்த உரப்பைகளின் மேல் நடந்துதான் விரால் பிடிக்கப் போனார். தான் செய்தது பிழை என்று மட்டும் சொல்லவேயில்லை.

அன்று என் கையைப் பிடித்திருந்த மாமியின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன். அது உச்சி வெயில். தண்ணீர் வெதுவெதுவென்றுதான் இருந்தது.