மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

அக்கா அதை என் கையில் வைத்ததும் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை. அவளுடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டியது. பின்னால் மணமகன் என்று மாமாவின் பெயரும் 'கோவளம்' என்ற எங்கள் ஊர்ப்பெயரும் இன்னும் அழியவில்லை. மாமாவின் காரியம் முடிந்த மறுநாள் அது. அவர் போய்விட்டார், அவர்மேல் எனக்கிருந்த சந்தேகம் போகவில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கால்பந்துக்கு அட்டை புதுசு. அதுவரை ரெஃப்ரீ விசில் ஊதிக் கையை நீட்டிக் கத்துவார். நாங்களும் திருப்பிக் கத்துவோம். அட்டை வந்த பிறகு கத்திப் பயனில்லை. முரட்டு ஆட்டம் ஆடினால் மஞ்சள், அது எச்சரிக்கை. அதே ஆட்டத்தில் அதே ஆள் இன்னொரு மஞ்சள் வாங்கினால் கூடவே சிவப்பு. வெளியே போக வேண்டியதுதான். பதிலுக்கு வேறு ஆள் இறங்கவும் முடியாது. கடையில் கிடைக்காத சாமான் என்பதால் ரெஃப்ரீயாக இருந்த மாமா தானே வெட்டிக்கொண்டார். சிவப்புக்குப் பட்டாசுப் பெட்டி, மஞ்சளுக்குப் பத்திரிகை.

செங்கல்பட்டு அணியோடு எங்களுக்கு இறுதி ஆட்டம். விசில் மாமா கையில். படாளத்துக்காரரான அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று எதிரணிக்குத் தெரியாது. "நம்ம மாப்ளதான் ரெஃப்ரீ, இன்னாத்துக்குடா பயம்?" என்றான் எங்கள் கேப்டன். எனக்கோ அந்தத் தைரியம் வரவில்லை. காலையில் எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பை வழித்துச் சாப்பிட்ட மனுஷன், என் முகத்தை மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

முதல் பாதியிலேயே ஒருவன் காலை வாரிவிட்டேன். மஞ்சள் உயர்ந்தது. அட்டை திரும்பிப்போய், அச்சடித்த பக்கம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் நின்ற செங்கல்பட்டு கேப்டன் எட்டிப் படித்துவிட்டான். "அடப்பாவி! இந்தாளு கோவளத்து மாப்ளடா! மச்சானுங்களுக்கு மஞ்ச காட்டி நாடகம் ஆடறான்!" மைதானம் கொந்தளித்தது. அதன்பிறகு பந்தை யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் அவருடைய சட்டைப் பையில்தான்.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நேரத்தைக் கடத்தலாம் என்று, விசில் ஊதிய பிறகும் பந்தைக் கடல் பக்கம் உதைத்தேன். மறுபடி மஞ்சள். உடனே சிவப்பு. "மாமா!" என்றேன். "வெளிய போ மச்சான்" என்றார். ஆள் குறைந்து தோற்றோம். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள என்னைப் பலி கொடுத்துவிட்டார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பின்பக்கத்தை எவனும் படிக்காமல் இருந்திருந்தால் என்னை அனுப்பியிருப்பாரா? அவரிடம் கேட்கவேயில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன், உம்மென்று சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன்.

இப்போது அக்காவிடம் கேட்டேன்.

"அவர இன்னாத்துக்குடா சந்தேகப்படற? நான்தான் அன்னிக்குக் காலையில சொல்லி அனுப்புனேன். 'என் தம்பி சும்மா இருக்கமாட்டான், ரெண்டு மஞ்ச வாங்குவான். தப்பு பண்ணா வுட்றாத, அப்பால உன்ன ஒருத்தனும் நம்பமாட்டான்'னு. அதான் உன் மூஞ்சப் பாக்காம துன்னுகினு இருந்தாரு. உனக்கு மஞ்ச எடுக்க மனசே வரலையாம்டா. எந்தப் பக்கம் காட்டுனோம்னே தெரியலையாம்."

அடிப்பாவி! இத்தனை வருஷமும் அந்த மனுஷனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேனே. அவரும் இவளைக் காட்டிக்கொடுக்கவே இல்லையே. அட்டையை மறுபடி திருப்பினேன். மாமாவின் பெயருக்குப் பக்கத்தில், ஓரமாக, கத்தரிக்கோலுக்குத் தப்பி அக்கா பெயரின் முதல் எழுத்தும் இருந்தது.