சோல்ஃப்ரிட்டின் பாட்டுக்கு மஞ்சள் தொப்பி போட்டார்கள்

எங்கள் தீவில் பஸ் ஓட்டுகிற சோல்ஃப்ரிட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓய்வு நேரத்தில் அக்கார்டியன் வாசிப்பாள், பாட்டும் கட்டுவாள். பெரும்பாலும் மீன் ஆலை முதலாளியையும் ஊராட்சித் தலைவரையும் கிண்டலடிக்கிற பாட்டுகள்.

ஒரே ஒரு பாட்டு வேறு மாதிரி. அவளுடைய அண்ணன் ஐவின் ஒரு பிப்ரவரியில் மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அண்ணி குன்வோர் வசந்தம் வரும்வரை துறைமுகத்தில் நின்று, கரைக்கு வந்த ஒவ்வொரு படகுக்காரரிடமும் “பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னதில்லை. அந்தக் கேள்வியையே பல்லவியாக வைத்து சோல்ஃப்ரிட் ஒரு பாட்டு எழுதி, தேவாலயத்தில் பாடினாள். அன்று நானும் அங்கே இருந்தேன். பாடி முடித்த பிறகும் வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

யாரோ அதைக் கைப்பேசியில் பதிவுசெய்திருக்கிறார்கள். அது ஊர் ஊராகச் சுற்றி, தலைநகர் ஆஸ்லோவில் ஒரு பாட்டுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்டியான் என்பவன் படகேறி வந்தான். அவள் வைத்த மீன் சூப்பைக் குடித்தான். பாட்டைக் கேட்டுவிட்டு அவள் மேசையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இதை ஐரோப்பா முழுக்கக் கேக்கணுங்க. நம்ம நாட்டு சார்பா ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போக வேண்டிய பாட்டு இதுதான்.”

“மாத்திடுவீங்களே?”

“ஒரு சொல்லைக்கூடத் தொட மாட்டோம். சத்தியம்.”

சத்தியத்தை அவன் மீறவில்லை. சொல்லைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் தொட்டான். தேர்வுச் சுற்று தொலைக்காட்சியில் வந்தபோதுதான் சோல்ஃப்ரிட்டுக்கே தெரிந்தது. அடியில் திம் திம் என்று தாளம். பிராகே என்கிற பாடகப் பையன் மீனவர்கள் போடுகிற மஞ்சள் மழைத்தொப்பியோடு குதித்து வந்து “பாத்தீங்களா?” என்று கூவினான். கூட்டம் கையைத் தூக்கி “பாத்தோம்!” என்று கத்தியது. அந்த வருடம் நாட்டின் சார்பாகப் போவது அதுதான் என்று அறிவித்தார்கள்.

பாட்டை எழுதியவள் என்பதால் போட்டி நடக்கிற நகரத்துக்கு அவளையும் அழைத்துப் போனார்கள். ஒத்திகையில், மீனவர் உடை போட்ட ஆட்டக்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசி ஆள் மூழ்கி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, உடம்பெல்லாம் ஜிகினாவோடு துள்ளி எழுந்தான். சோல்ஃப்ரிட் கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து பிராகேயைப் பிடித்தாள். “தம்பி, இது யாரைப் பத்தின பாட்டுன்னு தெரியுமா?”

“படகுல பார்ட்டி நடக்குதே, அதானே அக்கா?”

அவன் நல்ல பையன்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஸ்டியான்தான் அவளை ஓரமாகக் கூட்டிப்போனான்.

“சோகத்துக்கு எவனுங்க ஓட்டுப் போடுவான்? அழுகையைக் கொஞ்சம் ஆட்டமாக்கியிருக்கோம், அவ்வளவுதான்.”

“என் வீட்டு மேசையில அழுதியே, அது என்ன?”

“அது நிஜமாத்தாங்க அழுதேன்.”

அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்ததாம். பாட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு அன்றைக்கே ஊருக்குப் புறப்பட்டாள்.

இறுதிப் போட்டி நடந்த சனிக்கிழமை மாலை மீன் ஆலைக் கூடத்தில் பெரிய திரை கட்டியிருந்தோம். கடைக்காரன் குழந்தைகளுக்குக்கூட மஞ்சள் தொப்பி விற்றுத் தீர்த்திருந்தான். சோல்ஃப்ரிட் வாசலில் வந்து நின்றாள். முன்வரிசையில், தொப்பியோடு, எல்லோரோடும் சேர்ந்து “பாத்தோம்!” என்று கத்திக்கொண்டிருந்தது குன்வோர்.

சோல்ஃப்ரிட் அவளை வெளியே இழுத்து வந்தாள். “யாரை அண்ணி பாத்தீங்க? சொல்லுங்க, யாரைப் பாத்தீங்க?”

“கத்தாதடி. அவரு போனதுலேர்ந்து என்னைக் கண்டாலே இந்த ஊர்ல எல்லாரும் குரலைத் தாழ்த்துறாங்க. இன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்து சிரிச்சுப் பேசுறாங்க. எனக்கும்தான் குமட்டுது. அதுக்காக எழுந்து வந்துடவா?”

சோல்ஃப்ரிட் வீட்டுக்குப் போய்விட்டாள். பாட்டு நாலாவதாக வந்தது. ஊரே படகுச் சங்குகளை ஊதியது. நானும் ஊதினேன்.

சில நாள் கழித்து, மே பதினேழு, தேசிய நாள் ஊர்வலம். பள்ளி வாத்தியக் குழு தேசியப் பாட்டை முடித்ததும் நேராக இந்த மெட்டுக்குத் தாவியது. கொடி பிடித்த பிள்ளைகள் “பாத்தோம்!” என்று கத்திக்கொண்டே துறைமுகத்தைத் தாண்டின. ஐவின் தன் படகைக் கட்டிவைத்த இடம் அது. குன்வோர் ஊர்வலத்திலிருந்து விலகி, சாலையோரம் நின்ற நாத்தனாரிடம் வந்தாள்.

“தலை வலிக்குது. வா, போலாம்.”

இரண்டு பேரும் விழா உடுப்போடு மேட்டில் ஏறிப் போனதைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

இலையுதிர் காலத்தில் ஸ்டியான் அவளுக்குப் போன் செய்தான். நான் அப்போது பஸ்ஸில்தான் இருந்தேன். வண்டி நிறுத்தத்தில் நின்றிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டாள்; அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“அடுத்த வருஷத்துக்கு அதே மாதிரி வேற ஏதாவது இருக்குங்களா?”

“எங்க வீட்ல இன்னும் வேற யாரும் சாகலப்பா” என்றாள் சோல்ஃப்ரிட். போனை வைத்துவிட்டு, சாக்கடையைத் தொட்டவள்போல விரல்களைத் துணியில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.