கம்பளி ஆலைக்குப் போன திருயாத்திரை

எங்கள் கோவில் பங்கிலே தமிழ்ச் சபைக்குத் தலைவர் தெரிவு வருகிறதென்றால், அதற்கு முன்னால் ஒரு திருயாத்திரை வந்தே தீரும். தலைவராக இருப்பவர் சனத்தை எங்காவது கூட்டிக்கொண்டு போவார். சனம் லண்டனுக்குத் திரும்பி வந்து கை உயர்த்தும்.

எங்கள் தலைவர் டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். என்னைவிட இளையவர். கடையை மகன் பார்க்கிறான். இவருக்குச் சபைதான் உயிர். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஒருவரும் ‘தலைவர்’ என்று கூப்பிடாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அந்த முறை அவருக்கு எதிராக ஒருவர் நிற்கப்போகிறாரென்று கதை வந்தது. சிங்கப்பூர்க்காரர். பெரிய கம்பனியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் சிரிப்பதற்கும் முன்கூட்டியே யோசிப்பார்.

தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணினியில் தேடி ஒரு படத்தைப் பிடித்தார். இத்தாலியில் ஒரு மலைக் கிராமம். கல்லுச் சுவரில் ஒரு மாடம், மாடத்துக்குள் மாதா சுரூபம், கீழே பாய்கிற தண்ணீர், பொல்லூன்றி நடக்கிற சனம். மாதாவும் தண்ணீரும் ஒரே படத்தில் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அது மாதா காட்சி கொடுத்த லூர்தின் தங்கச்சி. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அவர் வாசிக்கவில்லை.

“லூர்துக்கு எல்லாரும் போகினம், அண்ணை. நான் ஒரு தமிழனும் மிதியாத இடத்துக்குக் கொண்டுபோறன்.”

“ஏன் தம்பி ஒருத்தரும் மிதிக்கேல்லை?”

“தெரியாது, அதால மிதிக்கேல்லை.”

நான் ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு விமானம் துப்புரவாக்கப் போனவன். சீட்டுக்கு அடியில் செபமாலை கண்டெடுத்திருக்கிறேன், கட்டுப்பல்லும் கண்டெடுத்திருக்கிறேன். செபமாலையைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. அதை விடுங்கோ. முழங்கால் நோவால் பொல்லோடு நடக்கிற என் மனுசி சூட்கேஸ் நிறைய வெறும் பிளாஸ்டிக் கான்களை அடுக்கினாள். தீர்த்தம் கொண்டுவர வேண்டுமே. உடுப்பெல்லாம் என் கைப்பைக்குள் திணிபட்டது.

ரோமாபுரி பார்த்துவிட்டு பஸ்ஸில் மலை ஏறினோம். செபமாலை சொல்லி, மாசிச்சம்பலோடு பாணும் தின்று, மறுபடியும் செபமாலை சொல்லி, போய் இறங்கினால் கோவிலைக் காணோம். மெழுகுதிரி விற்கிற ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. புனித இடமென்றால் முதலில் கடைதானே கண்ணில் படும்? றப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் மட்டும் நின்றாள். வழிகாட்டியாம். இவ்வளவு சனத்தைக் கண்டதும் அவளுக்கு வாய் மூட முடியவில்லை.

ஆற்றில் இருந்து ஒரு வாய்க்கால் வெட்டி ஊருக்குள்ளே கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஒரு வாய்க்கால்தான் அந்தக் காலத்தில் மா அரைத்ததும், இரும்பு அடித்ததும், கம்பளித் துணி அடித்ததும். அந்தப் பழைய ஆலைகளைத்தான் ஊர்ச் சனம் திருத்திக் காட்டுகிறது. படத்திலிருந்த மாதா, அந்தத் துணி ஆலையின் சுவரில் இருந்தார். வேலையாட்களுக்குக் கை நசியாமல் காக்க வைத்த சுரூபமாம்.

தலைவரின் முகம் வெளிறிப்போனது. எங்களோடு வந்திருந்த சிங்கப்பூர்க்காரர் பின்னால் வந்து மெதுவாகக் கேட்டார்.

“தலைவரே, மாதா இங்க யாருக்குக் காட்சி குடுத்தாங்க?”

“உழைப்பாளியளுக்கு,” என்றார் தலைவர். அவருக்கு அந்த நேரத்தில் அது எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் இங்கிலிஷில் சொல்லச் சொல்ல, இவர் தமிழில் திருப்பினார். என்னுடைய இங்கிலிஷ் விமானம் கழுவக் காணும், ஆலை விளங்கக் காணாது. அவள் மரச் சம்மட்டிகளைக் காட்டினாள். தலைவர், “இதிலதான் அழுக்கெல்லாம் நீங்கினது, பாவ அழுக்கெண்டும் வைச்சுக்கொள்ளலாம்,” என்றார். அவள் ஒரு கல்லுத் தொட்டியைக் காட்டிச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தலைவர் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஊர்ச் சனம் ஏழை பணக்காரன் எண்டில்லாமல் தங்களிட்ட இருந்ததைக் கொண்டுவந்து இதுக்குள்ள விட்டவையாம்.” பெண்கள் “ஆண்டவரே” என்று பெருமூச்சு விட்டார்கள். சிங்கப்பூர்க்காரர் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

பிறகு அவள் வெளியே போய் வாய்க்கால் அடைப்புப் பலகையைத் தூக்கினாள். தண்ணீர் விழுந்ததும் பெரிய மரச்சில்லு, ஆலைச் சக்கரம்தான், முனகிக்கொண்டு சுற்றியது. சம்மட்டிகள் எழும்பி எழும்பி விழ, காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. என் மனுசி அப்படியே முழங்காலில் விழுந்தாள். பிறகு எல்லோரும் விழுந்தார்கள், மாதா பாட்டு எடுத்தார்கள். நானும் விழுந்தேன். நின்றுகொண்டிருந்தால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளிடம் ஏச்சுக் கேட்க வேண்டிவரும்.

உள்ளே வந்து பார்த்த அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவர்களுடைய ஆலைக்கு முன்னால் அதுவரை ஒருவரும் முழங்காலில் இருந்ததில்லையாம். கான்களை நிரப்பவும் அவளே பிடித்துக் கொடுத்தாள்.

லண்டனுக்கு வந்து மனுசி தண்ணீரை முழங்காலில் பூசினாள், எனக்கும் குடிக்கத் தந்தாள். அவளுக்கு நோவு குறைந்தது. எனக்கு வயிறு கலக்கியது. உள்ளே கிடந்த கெட்டது வெளியே போகிறதென்று விளக்கம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தெரிவு. சிங்கப்பூர்க்காரர் எழும்பினார்.

“நான் உண்மையச் சொல்றேன், கேளுங்க. அது மாதா காட்சி குடுத்த இடமே இல்ல. கம்பளி ஆலை. கம்பளியில இருக்கிற எண்ணெய் போகணும்னு ஊரெல்லாம் மூத்திரம் சேத்து அந்தத் தொட்டியில ஊத்தினாங்க. அந்தப் பொண்ணு சொன்னது அதுதான்.”

தலைவர் நிலத்தைப் பார்த்தார். இவர் கதை முடிந்ததென்றுதான் நானும் நினைத்தேன். என் மனுசி எழும்பினாள், எந்தப் பொல்லும் இல்லாமல்.

“மாதா நிண்ட இடத்தை மூத்திரம் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் கூசேல்லையோ? என்ர முழங்காலைப் பாருங்கோ!”

“அக்கா, நான் தண்ணியச் சொல்லலங்க, அந்தக் காலத்துல...”

“எந்தக் காலத்தில எண்டாலும்! இருங்கோ கீழ!”

அவர் இருந்தார். தலைவருக்கு எழும்பிய கைகளை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு, இரண்டு பஸ்ஸில், என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஊரையே சனம் மறந்துவிட வேண்டுமென்று நேர்ந்துகொண்டிருந்த தலைவர், எழும்பி நன்றி சொன்னார்.

பிறகு நடைபாதையில் நின்று இத்தாலிக்கு ஃபோன் எடுத்தார். அந்தப் பெண்ணின் சந்தோஷச் சத்தம் எனக்கும் கேட்டது. வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

“என்னவாம் தம்பி?”

“எங்கட ஆக்கள் வருகினம் எண்டு இன்னொரு பழைய இடத்தையும் திருத்தித் திறக்கப் போகினமாம். மாட்டுத்தோல் ஊறப்போட்ட தொட்டியளாம், அண்ணை.”

பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“லூர்திலயும் தொட்டியில இறக்கித்தானே குளிக்க வைக்கினம்?”

“தண்ணியை மாத்திப்போட்டு இறக்கச் சொல்லு,” என்றேன்.