பதிவேட்டில் ரூத்தின் பக்கம்

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆராதனை முடிந்து வந்த நம் சபையார் ஆறு பேர், மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி நின்று என் இடது காலில் ஜெபித்த எண்ணெயைத் தேய்த்தார்கள். அந்த ஆறு பேரும் இன்று இந்தச் சாட்சிக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள். ஆனால் அந்தக் கைகளுக்குக் கீழே நான் செத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாள் முன்பு, 23ஆம் தேதி காலை, பக்கவாதம் என்னை வீழ்த்தியது. கைகள் இரண்டும் எழவில்லை. நாக்கு அசையவில்லை. காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது, கண் மட்டும் அசைந்தது. சனிக்கிழமையிலிருந்து இடது கெண்டைக்காலில் நெருப்பு வைத்ததுபோல் வலி. அதைச் சொல்ல வழியில்லை. நீங்கள் தேய்க்கத் தேய்க்க முனகினேன்.

"ஐயா ஆவியில கலங்குறாரு. இன்னும் அழுத்தித் தேய்ங்க" என்றது ஒரு குரல்.

"வலிக்குதாங்க?" என்று என் மனைவி மேரி குனிந்து கேட்டாள். நான் கண்ணை மூடித் திறந்தேன். ஆமாம் என்று சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை. "தூக்கம் வருது போல, விடுங்க" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

அப்படித் தேய்க்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நோயாளி முனகினால் நல்ல அடையாளம் என்று வீடு வீடாகச் சொன்னவனும் நான்தான்.

எல்லாரும் போன பிறகு ஜெபித்தேன். ஆண்டவரே, ஒரே ஒரு சொல் சொல்ல வழி தாரும். கேட்ட உடனே ரூத்தின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஜெபிக்க வெட்கமாக இருந்தது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரூத், பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்குப் பக்கத்தில், எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அவருக்கு. இருபது வயதைத் தாண்டமாட்டார் என்றார்கள். பத்து வயதில் நடை போயிற்று, பிறகு கை, கடைசியில் பேச்சு. இதற்கு நடுவில் படித்து விஞ்ஞானி ஆனார். நம் ஊரில் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைகளில் எந்தெந்தப் புல் நீரைச் சுத்தமாக்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தம்பி தாசன் வேனில் குட்டைக் கரைக்குக் கொண்டுபோவார். பேசுவதற்கு ஒரு பலகை வைத்திருந்தார். மேலே உயிரெழுத்துகள், ஓரத்தில் மெய்யெழுத்துகள். தாசன் விரலை நகர்த்திக்கொண்டே வருவார். சரியான எழுத்தில் ரூத் கண் சிமிட்டுவார்.

சபையின் ஜெபப் பதிவேடு 2002 முதல் என் கையெழுத்து. பெயர், தேதி, விண்ணப்பம், பதில் என்று நான்கு பத்திகள். ஒவ்வொரு ஜனவரியிலும் ரூத்தின் பெயருக்கு நேரே 'பூரண சுகம்' என்று நானே எழுதுவேன். டிசம்பரில் நான்காம் பத்தியில் சிவப்பு மையால் 'இல்லை' என்று எழுதுவேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

2022 செப்டம்பர் 18. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை மேடையேறிச் சாட்சி சொல்லும் ஞாயிறு. நான் பெயர் எழுதிக்கொண்டிருந்த மேசைக்குத் தாசன் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தாள்.

"அங்கிள், அக்கா இன்னிக்குச் சாட்சி சொல்லணுமாம்."

"முதல்ல சுகமாகட்டும்ப்பா. இப்படியே வந்து சொன்னா மத்தவங்க விசுவாசம் தளர்ந்திடும்" என்றேன். ரூத் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

ரூத்தின் கண் பலகைக்குப் போயிற்று. பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில் தாசன் படித்தார்: "அங்கிள், அதுக்கு நீங்க ரொம்ப நாள் காத்திருக்கணும் லா."

படித்தவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, படிக்காமல், தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். 2023 ஜூன் 7 அன்று ரூத் காலமானார். அவர் பக்கத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து மூடினேன்.

அந்தத் தாசன்தான், எண்ணெய் தேய்த்த மறுநாள், ஜனவரி 29 திங்கள் காலை என் கட்டிலருகே வந்து நின்றார். யாரும் அனுப்பவில்லை. கக்கத்தில் அக்காவின் பலகை.

"கண்ணு நல்லா ஓடுதே அங்கிள். பேசுவோமா?"

அவர் விரல் நகர்ந்தது. நான் சிமிட்டினேன். நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய சொல் மன்னிப்பு. சொன்னது: கால் வலி.

தாசன் போர்வையை விலக்கினார். இடது கால் வீங்கிச் சிவந்திருந்தது. அவர் தாதியைக் கூப்பிட ஓடினார். ஸ்கேன் எடுத்தார்கள். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தது. "நல்லவேளை இப்பவே சொன்னாரு. இனி யாரும் தேய்க்காதீங்கம்மா, கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து" என்றார் மருத்துவர். அன்றே மருந்து ஏற்றினார்கள். நான் பிழைத்தேன்.

மாலையில் தாசன் மறுபடி வந்தபோது, மன்னிப்பை எழுத்தெழுத்தாகக் கேட்டேன்.

"அக்காவுக்குக் கோவமே இல்ல அங்கிள். உங்க மூஞ்சி போன போக்கை நெனச்சி ரெண்டு நாள் சிரிச்சிச்சி."

கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் வீடு திரும்பியதும் மேரியிடம் அந்தக் கோப்பை எடுக்கச் சொன்னேன். ரூத்தின் சாட்சி மொத்தமும் இவ்வளவுதான்:

"நான் ஆண்டவரிடம் சுகம் கேட்கவில்லை. குட்டையில் எண்ணவேண்டிய புற்கள் மிச்சம் இருக்கின்றன, இன்னும் ஒரு வருடம் தாரும் என்று ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேட்டேன். இருபது முறை கேட்டேன். இருபது முறையும் கொடுத்தார். அவருக்கு நன்றி."

அந்த இருபது ஆண்டுகளுக்கு நேரே பதிவேட்டில் என் கையெழுத்தில் இருபது 'இல்லை'. தேதி தவறாதவன் என்று பெயர் வாங்கியவன் எழுதியவை. அவற்றை நான் அடிக்கவில்லை. சபை பார்க்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். பக்கத்தில் ரூத்தின் தாளை ஒட்டச் சொல்லிவிட்டேன்.

இன்று என் பேச்சு குழறுகிறது. சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போட்ட விதிப்படி, இந்த மேடைக்கு எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் என் மூச்சு நின்றுபோகுமுன்னே வந்து உதவிய ஆண்டவரை, நான் வாய் அடைத்த பெண்ணின் பலகையைக் கொண்டே எனக்குப் பதில் தந்தவரை, இப்படியே துதிக்கிறேன்.

அவரை நம்புங்கள். அடுத்த முறை ஒரு நோயாளியின் தலையில் கை வைக்குமுன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பதில் ஒவ்வோர் எழுத்தாகத்தான் வரும்.