திருப்பி வைத்த அட்டை

வருஷத்தின் முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வந்ததுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் கொடுத்தது. பிடிக்கவில்லை என்று திருப்பி வைப்பது அவரோடு பேரம் பேசுவது என்பார் பாஸ்டர்.

அந்த வருஷம் நான் போகவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கள்ளிக்குப்பம் வீட்டிலேயே படுத்திருந்தேன். வாயுத் தொல்லை என்று நானே தீர்ப்பும் சொல்லியிருந்தேன். என் மனைவிதான் எனக்கும் சேர்த்து எடுத்து வந்தாள். உன்னைச் சுகமாக்குவேன் என்ற வாக்கு என் அட்டையில் இருந்தது. அப்போதே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன்.

பொங்கல் கழிந்து டாக்டரிடம் போனோம். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே தீர வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாடி ஏரியாவில் ஒரு பழைய தொழிற்சாலையில் ஃபிட்டர் நான். எந்த மெஷின் சத்தம் போட்டாலும் திறந்து பார்க்காமல் விடமாட்டேன். என் நெஞ்சை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று பிடிவாதம். "எனக்கு வாக்குத்தத்தம் கீது சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பாஸ்டரே வீட்டுக்கு வந்தார். "ஆபரேஷனும் கர்த்தர் குடுத்த வழிதான் பிரதர்" என்றார்.

"வசனம் எனக்குத்தானே வந்துச்சு பாஸ்டர், உங்களுக்கா வந்துச்சு?" என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சியே சொன்னேன். டாக்டர் கத்தியைக் காட்டினார், நான் கர்த்தரைக் காட்டினேன் என்றேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்ததைப் பார்த்தபோதும், எனக்காக உபவாசம் இருக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எனக்குள் பயம் இல்லாமல் இல்லை. மேம்பாலத்துக்குக் கீழே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்பதற்குள் ஏதாவது ஒரு கடை வாசலில் உட்கார வேண்டியிருந்தது. பயந்தால் விசுவாசம் போய்விடும், விசுவாசம் போனால் சுகமும் போய்விடும் என்று அந்தப் பயத்துக்கும் சேர்த்துப் பயந்தேன்.

ஒரு சாயங்காலம் தண்ணீர் கேனைத் தூக்கினேன். நெஞ்சு இறுகி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டை தெப்பலாக நனைந்தது. அவள் என்னைச் சுவரில் சாய்த்தாள். வலி கொஞ்சம் விட்டதும் எழுந்து போய் ஃபிரிட்ஜில் இருந்த அட்டையைப் பிய்த்தாள்.

"இது உங்களுக்கு வந்தது இல்லீங்க. நான் மாத்தி எடுத்துகினு வந்தது."

"இன்னாமே சொல்ற?"

"மொதல்ல வேற வந்துச்சு. தண்ணி, நெருப்புன்னு போட்டிருந்துச்சு. நீங்க ஊட்ல நெஞ்ச புடிச்சுகினு படுத்துகினு கீறீங்க. அத்த எப்டிங்க எடுத்துகினு வர்றது? யாரும் பாக்காதப்போ உள்ள சொருவிட்டு இத்த எடுத்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் எழ முடிந்திருந்தால் கை நீட்டியிருப்பேனோ என்னவோ. இத்தனை நாள் என் உயிரைக் கொண்டுபோய் வைத்தது கர்த்தர் கையில் அல்ல, இவள் கையில். நான் நம்பியது அவரையா, ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தையா? நினைக்கவே அவமானமாக இருந்தது.

"அதுல முழுசா இன்னாதான் போட்டிருந்துச்சு?" என்றேன்.

அவள் அழுதுகொண்டே யோசித்தாள். "தண்ணிய தாண்டி போறப்போ நான் உன் கூட கீறேன்னு."

அவளுக்குத் தண்ணீர் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. நானே போய் எடுத்திருந்தாலும் அதை ஒட்டியிருக்க மாட்டேன். தண்ணீரே வேண்டாம் என்பதுதான் என் ஜெபம். கூட யார் வந்தால் எனக்கென்ன என்றுதான் இருந்திருக்கிறேன்.

"காலைல டாக்டரப் பாக்கலாம்" என்றேன்.

"பயமா இல்லியா?"

"பயமாத்தான்மே கீது."

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் என்னைக் கொண்டுபோனபோது, அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். சாட்சி சொன்ன வாய் உலர்ந்து கிடந்தது. சுகமாக்கும் என்று கேட்க வரவில்லை. கூட வாரும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கதவருகே நர்ஸ் அவளை நிறுத்தினாள். அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை.