நல்ல காலுக்கு ஒரு புத்தூர்க் கட்டு

பந்து உதைத்துப் பிழைப்பவனுக்கு முதலும் கால்தான், சரக்கும் கால்தான். கடையை எப்போது சாத்துவது என்று சொல்வதும் அதேதான். உடம்பில் ஒரு வலியை வைத்துக்கொண்டு, மேலே இருப்பவருக்குத் தெரியாமல் மறைத்து, சிரித்த முகமாக வேலைக்குப் போய்வந்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு முதுகு, எனக்கு முழங்கால். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகி, எல்லை எங்கே என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சித்தூரில் ஒரு பஸ் கம்பெனியின் பந்து டீமில் நான் பேக். கோல் கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. பெயர் முனிரத்தினம்.

காக்கிச் சட்டை

கம்பெனி முதலாளியை எல்லாரும் நாயுடுகாரு என்போம். பந்தென்றால் அவருக்கு உயிர். டீமில் சேர்கிறவனுக்கு முதலில் பஸ் கழுவுகிற க்ளீனர் வேலை. மூன்று சீசன் ஒழுங்காக ஆடினால் காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர். நடுவில் கால் போய்விட்டால் ஊருக்கு ஒரு பஸ் ஏற்றி விடுவார். திரும்பி வர ஏற்பாடு கிடையாது.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. எங்கள் தெருக்காரர் கையால் ஊருக்குள் ஒருவரும் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் கை நீட்டித்தானே ஆக வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அப்பாவிடம் சொன்னேன். அவர் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"டிக்கெட்ட சீட்டுமேல வெச்சிட்டுப் போன்னு சொல்லுவாங்க முனி. வெக்காத. கையிலதான் குடுக்கணும்."

புத்தூரில் ஒரு யோசனை

இரண்டாவது சீசனில், கார்வேட்டிநகரத்தில், எகிறி ஒரு பந்தைத் தலையால் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினேன். இடது முழங்காலில் களுக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்டவன் சுப்பிரமணி ஒருவன்தான். அவன் டீமின் இன்னொரு பேக்; திருத்தணிப் பக்கத்துக் கிராமத்தான்; பஸ் ஷெட்டில் என் பாய்க்குப் பக்கத்தில் பாய் போடுகிறவன். ஊரில் திருவிழா என்று கம்பெனியில் பொய் சொல்லிவிட்டு, என்னைப் புத்தூருக்கு எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனான்.

அவர் தடவிப் பார்த்தார். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார். மூன்று மாதம் உட்கார்ந்தால் காக்கிச் சட்டை போச்சு. அப்போது சுப்பிரமணிக்கு ஒரு யோசனை வந்தது. எதிராளி எப்போதும் கட்டுப் போட்ட காலைத்தான் குறி பார்ப்பான். அதனால் கட்டை வலது காலில் போட்டுக்கொள் என்றான். பச்சிலை வாசனை வீசினால்தான் நம்புவார்கள் என்று அதையும் பூசச் சொன்னோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வலது காலில் துணியைச் சுற்றினார்.

"கை ஒடிஞ்சவன் வந்துகிறான், இடுப்பு ஒடிஞ்சவன் வந்துகிறான். நல்ல காலுக்குக் கட்டு கேட்டு வந்த மொத ஆளு நீதாம்பா."

கட்டை விரல் பரீட்சை

கட்டைப் பார்த்ததும் நாயுடுகாரு என்னை பஸ் படியில் உட்கார வைத்தார். வலது முழங்காலைக் கட்டை விரலால் அழுத்தினார். நான் வானத்தைப் பார்த்தேன். இன்னும் பலமாக அழுத்தினார். நல்ல கால், வலிக்கவில்லை. அந்த நேரம் முழுக்க இடது கால் ஒரு ஓரமாக விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சூசாவா மேனேஜரு, பாத்தியா, கட்டுப் போட்ட காலே இவ்ளோ கெட்டின்னா, கட்டாத காலு எப்படி இருக்கும்!"

முழங்கால் முறிச்சான்

திருப்பதியில் ஒரு கோப்பையை ஜெயித்தோம். ஜெயித்தால் டீம் முழுக்க அலிபிரி அடிவாரத்திலிருந்து மலைக்குப் படியேறி வந்து மொட்டை போடும் என்று நாயுடுகாரு வேண்டிக்கொண்டிருந்தாராம். எங்களை யாரும் கேட்கவில்லை. பாதி வழி எப்படியோ சமாளித்தேன். அப்புறம் வந்தது அந்தச் செங்குத்தான இடம். தெலுங்கில் மோகாள்ள மிட்ட என்பார்கள், நம்மவர்கள் முழங்கால் முறிச்சான் என்பார்கள். முதலாளி பின்னாலேயே வருகிறார். நின்று ஏறினால் நொண்டுவது தெரிந்துவிடும்.

அங்கே சிலர் வேண்டுதலுக்காக முட்டி போட்டே ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் முட்டி போட்டேன். முட்டியால் ஏறுகிறவனை யாராவது நொண்டி என்று சந்தேகப்படுவார்களா? ஒவ்வொரு படியிலும் இடது முழங்கால் கல்லில் பட்டபோது எனக்கு வாயில் வந்தது கோவிந்தா இல்லை. பெற்ற தாயைக் கூப்பிட்டு அழுதேன். சுப்பிரமணியும் என் பக்கத்தில் முட்டி போட்டு, என் வேகத்துக்கே ஏறினான். என் கண்ணீரைப் பார்த்து நாயுடுகாரு கைகூப்பினார்.

"முனிக்கு பக்தி ஜாஸ்தி. அடுத்த வருஷமும் இப்படியே ஏறணும்ப்பா."

பதினோரு மொட்டை

அடுத்த வாரம் திருச்சானூரில் ஆட்டம். சட்டையில் நம்பர் கிடையாது. ரெஃப்ரி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஆட்களைத் தலைமுடியை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாராம். சுப்பிரமணி ஒருவனைத் தடுக்கி விழவைத்தான், அவர் என்னை வெளியே போகச் சொன்னார். முழங்காலுக்கு அரை மணி நேரம் ஓய்வு என்று நான் சந்தோஷமாகக் கிளம்பினேன். ஆள் தப்பு என்று கேப்டன் சண்டைக்குப் போனார். வாத்தியார் அசையவில்லை.

"வெளிய போன்னா சிரிச்சிக்கினு போறான், அப்ப இவன்தான்யா செஞ்சான்."

எல்லைக் கல்

ஒரு வழியாக எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராசுக்கு, நகரியும் புத்தூரும் ஆந்திராவுக்கு. சுப்பிரமணியின் ஊருக்கும் என் ஊருக்கும் நடை தூரம்தான். இரண்டு ஊரிலும் ஒரே பேச்சுத்தான். அவன் அந்த ராஜ்ஜியம் ஆனான், நான் இந்த ராஜ்ஜியம் ஆனேன். வெளி ராஜ்ஜியத்து ஆள் டீமில் இருந்தால் ஜனங்கள் கல்லெடுத்து அடிப்பார்கள் என்று நாயுடுகாரு அவனை அனுப்பிவிட்டார். அவனுக்கும் அது மூன்றாவது சீசன்.

திருத்தணிப் பக்கம் ஒரு டீமில் சேரப்போவதாகச் சொன்னான். பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை என் வலது காலில் துணி சுற்றினான். சீசன் முடிவதற்குள் அவன் டீமோடு எங்களுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவனைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"எந்தக் காலுன்னு என் வாய்லேர்ந்து வராது முனி. பயப்படாத."

புத்தூர் ஆட்டம்

அதுதான் என் கணக்கில் கடைசி ஆட்டம். அது முடிந்தால் காக்கி. பந்தை எடுத்து வைத்த நிமிஷத்திலிருந்து அவர்கள் என் வலது காலுக்கே வந்தார்கள். ஒருவன் பாதத்தால் மிதித்தான், ஒருவன் முட்டியால் இடித்தான். பந்து எங்கே இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. யாராக இருந்தாலும் கட்டைக் கண்டால் குறி பார்ப்பார்கள்தான், ஆனால் இப்படி முறை வைத்துக்கொண்டு வரமாட்டார்கள். இடது காலை ஒருவனும் தொடவில்லை. சொன்ன சொல்லைச் சுப்பிரமணி காப்பாற்றிவிட்டான் என்று மனதுக்குள் அவனைக் கும்பிட்டேன். இரண்டாவது பாதியில் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். இந்தத் தடவை களுக் இல்லை, மடார்.

என்னைப் பலகையில் போட்டுத் தூக்கினார்கள். சுப்பிரமணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். என் வலது காலைப் பார்த்துவிட்டு அந்தப் பலகையிலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"கட்டுப் போட்ட காலயே அடிங்கடான்னு நான்தான் அவனுங்க கிட்ட சொல்லி வெச்சேன். உன் எடது காலு பொழச்சிக்கட்டும்னு."

முதல் டிக்கெட்

அதே கட்டுக்காரர், அதே வலது கால். இந்தத் தடவை மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டினார். ஐந்து மாதம் கழித்து, ஊன்றி வந்த கம்பை ஷெட்டுக்கு வெளியே சாத்திவிட்டு நாயுடுகாரு முன்னால் போய் நின்றேன். மனிதர் வாக்குத் தவறவில்லை. காக்கிச் சட்டை தந்தார். நகரி பஸ்ஸில் ஏறச் சொல்லி, தானும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

புத்தூர் தாண்டி எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏறினார். அப்பா கூலி வேலை செய்கிற நிலத்துக்குச் சொந்தக்காரர். என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார். பிறகு கையை நீட்டினார். நிஜமாகவே நீட்டினார். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கப் போனபோது பஸ் ஒரு வளைவில் திரும்பியது. இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் மடங்கின. நான் ஒரு பக்கம் விழுந்தேன், டிக்கெட் ஒரு பக்கம் விழுந்தது. அவர் குனிந்து அதைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவிடம் இதை நான் கடைசி வரை சொல்லவில்லை.

நாயுடுகாரு கையைப் பிடித்துத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தார். நகரி வரும் வரை என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"கண்டக்டர்னா நிக்கணுமே பாபு. உக்காந்துக்கினு டிக்கெட் குடுக்கிற பஸ்ஸு எங்கிட்ட இல்லையே."

மூன்று சீசன் ஆடி நான் சம்பாதித்தது, இனி எந்தக் காலில் கட்டுப் போட்டாலும் அது பொய்யில்லை என்பது ஒன்றுதான்.