பயன்படாத வரிகள்

இன்று கல்லூரியில் கம்பைலர் பாடம் நடத்துகிறேன். அன்று அதில்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் அப்பா டீமேக்கர், தேயிலையின் பதம் பார்ப்பவர். அவர் மூக்கு சம்மதித்தால்தான் இலை அடுப்புக்குப் போகும்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது என் முதல் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சந்தோஷமாக விளக்கினேன்.

“நாம எழுதற ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தறதுதானுங்கப்பா கம்பைலர். மாத்தும்போதே பிரயோஜனமில்லாத வரியைத் தூக்கிரும். அதைக் கண்டுபிடிக்க நான் புதுசா ஒரு வழி எழுதியிருக்கறேன்.”

“பிரயோஜனமில்லீன்னு எப்படிக் கண்ணு தெரியும்?”

“அது செய்யற வேலை பின்னால ஆருக்காச்சும் வேணுமான்னு பாக்குமுங்க. ஆருக்கும் வேண்டாம்னா எடுத்துரலாம்.”

“எடுத்துட்டா மத்ததெல்லாம் நல்லா ஓடுமா?”

“முன்னைவிட வேகமா ஓடுமுங்க.”

“நல்லது கண்ணு” என்று எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பசியில்லை போல என்று நினைத்தேன்.

நான் கிளம்பிய அன்று, “லீவு கெடைக்கல, பத்தரமாப் போ” என்று டிபன் பாக்ஸோடு எனக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். நேராக பஸ்ஸிலேயே மலையிறங்கிவிடுவதாகச் சொல்லியிருந்த நான், மனம் மாறி மலை ரயிலைப் பிடிக்கக் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போனேன்.

நடைமேடையின் கடைசி பெஞ்சில் அப்பா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனியாக.

டீ விற்பவரிடம் மெதுவாக விசாரித்தேன்.

“அவருங்களா? ஃபேக்டரி மூடி ரெண்டு மாசமாச்சுங்க. அப்ப இருந்து தெனமும் வர்றாரு. சாயங்காலம் பஸ்ஸேறிப் போயிருவாரு.”

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். என்னைக் கண்டால் அவர் முகம் என்ன ஆகும் என்று பயந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நான் பேசியதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. மறுமுனைப் பெட்டியில் ஏறி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த விடுமுறைக்கு அப்பா இல்லை. மாரடைப்பு.

காரியம் முடிந்தபின் அம்மா சொன்னாள்: “ஃபேக்டரி மூடினதை உன்ர காதுல போடக் கூடாதுன்னுட்டாரு. படிக்கற புள்ள மனசு கெட்டுருமாம். கடைசி வரைக்கும் உனக்குத் தெரியாதுன்னு நிம்மதியாத்தான் கண்ணு இருந்தாரு.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.